நோய் போனது, காவலும் போகலாமா?

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. உள்நாட்டிலேயே நுளம்பு கடித்துத் தொடர்ச்சியாகப் பரவி வந்த நோயின் கடைசி நோயாளி 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வாழ்ந்த மூத்தோருக்கு இது எத்துணை பெரிய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. வருடத்தில் ஒரு தடவையாவது குளிர்காய்ச்சலில் நடுங்கிப் படுக்காத ஆள் இல்லை என்ற காலத்தை அவர்கள் அறிவார்கள். விதைப்பு நாளில் படுத்தவர்களும் அறுவடை நாளில் படுத்தவர்களும் இழந்த கூலியை எவரும் கணக்கெடுத்ததில்லை.

இந்த வெற்றிக்காக இறைவனுக்கு நன்றி கூறுகின்றோம். வீடு வீடாக மருந்து அடித்தவர்களுக்கும், விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தவர்களுக்கும், நுணுக்குக்காட்டியின் முன் கண் நோகக் குந்தியிருந்தவர்களுக்கும் நன்றி கூறுகின்றோம். எனினும், இவ்வெற்றியின் பின்னால் ஒரு கேள்வி மெல்ல எழுந்து வருகின்றது. "நோயாளியே இல்லாத நோய்க்கு அலுவலகம் ஏன்? வாகனம் ஏன்? இத்தனை ஆட்கள் ஏன்?" என்பதே அக்கேள்வி. பணமில்லாத நாட்டில் இது நியாயமான கேள்வி போலவே தோன்றும். ஆனால் இதே கேள்வி இந்நாட்டில் முன்னரும் ஒரு தடவை கேட்கப்பட்டது. அதற்குக் கொடுத்த பிழையான விடையின் விலையைக் கிராமத்து ஏழைகளே செலுத்தினார்கள். ஆகவே அக்கதையை மீண்டும் நினைவுபடுத்துவது எமது கடமை என்று கருதுகின்றோம்.

1934: வரட்சியும் பசியும்

மழை கூடினால் மலேரியா கூடும் என்றே பலரும் எண்ணுவர். 1934ஆம் ஆண்டில் நடந்தது வேறு. தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஈரவலய ஆறுகள் ஓட்டம் நின்று, மணற்படுக்கையில் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு வெயில் படும் தெளிந்த குட்டைகளே விருப்பமான இடம். கேகாலை, குருநாகல் பகுதிகளில் நோய் தீயாகப் பரவியது. உலர்வலயத்து மக்களைப் போல அடிக்கடி நோய் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள் அல்லர் அப்பகுதி மக்கள். 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நாட்டின் சனத்தொகை அப்போது அறுபது லட்சத்தையும் எட்டியிருக்கவில்லை.

சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் அந்நாளில் கிராமங்களுக்குள் மருந்தோடு சென்றார்கள். அங்கே அவர்கள் கண்டது நோயை மாத்திரமல்ல, பசியையும்தான். வயல் விளையவில்லை, தேங்காய்க்கு விலையில்லை. வெறும் வயிற்றுக்குக் கொயினா கொடுத்துப் பயனில்லை என்று கண்டு, உணவையும் சேர்த்தே வழங்கினார்கள். ஒரு தொற்றுநோய் எத்தனை பேரைக் கொல்லும் என்பதைக் கிருமி மாத்திரம் தீர்மானிப்பதில்லை. வீட்டு அடுப்பும் தீர்மானிக்கின்றது. இது அந்த ஆண்டு தந்த முதலாவது பாடம்.

ஆராய்ச்சி தந்த ஆயுதங்கள்

மலேரியாவுக்கு எதிராக மனிதன் பெற்ற ஆயுதங்கள் ஒவ்வொன்றும் பலரது நீண்ட உழைப்பின் பயன். தென் அமெரிக்காவில் பணியாற்றிய இயேசு சபைத் துறவிகள் சிங்கோனா மரப்பட்டையின் குணத்தை அறிந்து, 17ஆம் நூற்றாண்டில் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1820இல் பிரான்சிய விஞ்ஞானிகள் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். எமது மலைநாட்டின் ஹக்கலைப் பூங்காவும் சிங்கோனா மரம் வளர்ப்பதற்கென்றே 1861இல் தொடங்கப்பட்டது.

நோய் நுளம்பினால் பரவுகின்றது என்பதற்கான சான்றை 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் றொஸ் கண்டார். அதன் பின்னரே நுளம்பு பெருகும் நீரைத் தேடும் வேலை ஆரம்பமானது. இலங்கையில் அவ்வேலை தொடங்கிய இடங்களுள் எமது தலைமன்னாரும் ஒன்று. அத்துறைமுகத்தின் மலேரியா பற்றிய ஆய்வறிக்கை 1913ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. முதலாவது மலேரியாத் தடுப்பு நிலையம் 1921இல் குருநாகலில் நிறுவப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ரி. வந்தது. வீட்டுச் சுவரில் அதனை அடித்துவிட்டால், இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும் நுளம்பு இறந்துவிடும். 1946 முதல் இலங்கையில் இது பரவலாகப் பாவிக்கப்பட்டது. குளோரோகுயின் மாத்திரையும் அதனுடன் சேர்ந்தது. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர்கள் இருந்த நாட்டில், 1963ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டவர்கள் 17 பேர் மாத்திரமே. அவர்களிலும் பலர் நோயை வெளியிலிருந்து கொண்டுவந்தவர்கள்.

பதினேழு பேர் ஐந்து லட்சமான கதை

பதினேழு என்ற எண்ணைக் கண்டவர்கள் வேலை முடிந்தது என்று எண்ணினார்கள். மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனை தளர்ந்தது. பணமும் ஆட்களும் வேறு பணிகளுக்குத் திருப்பப்பட்டனர். நாடு உறங்கியது; நுளம்பு உறங்கவில்லை. மழை குறைந்த ஆண்டுகள் வந்தன. சேனைப் பயிருக்கும் இரத்தினக்கல் அகழ்வுக்கும் மக்கள் காட்டுப் பகுதிகளுக்குள் இடம்பெயர்ந்தார்கள். தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. கிருமியைச் சுமந்த ஒருவர் அங்கே வந்து சேர்ந்தால் போதுமானதாக இருந்தது. 1969ஆம் ஆண்டில் மாத்திரம் பதியப்பட்ட நோயாளர்கள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். அவசர அவசரமாக மருந்தடிப்பு மீண்டும் தொடங்கியபோது, டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிவிட்டிருந்தது. 1977இல் மலத்தியோன் என்ற வேறொரு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. அது விலை கூடியது, நாற்றமும் கூடியது. எம்மவர் பலர் அதனை வீட்டுக்குள் அடிக்க விடாமல் கதவைச் சாத்திய காலமும் உண்டு.

துன்பம் அத்தோடு முடியவில்லை. பல்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா குளோரோகுயினுக்கு அடங்க மறுப்பது 1984இல் இங்கு கண்டறியப்பட்டது. மகாவலித் திட்டத்தின் கீழ் ஈரவலயக் குடும்பங்கள் உலர்வலயத்தில் குடியேற்றப்பட்டன. காணி கொடுத்த திட்டம் காய்ச்சலையும் சேர்த்துக் கொடுத்தது. 1987இல் நோயாளர் தொகை ஆறு லட்சத்தைத் தாண்டியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், 1963இல் அறிவு குறைவாக இருந்ததனால் நாடு தோற்கவில்லை. மருந்தும் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது. தொடர்ந்து செய்வதற்கான பொறுமையே இல்லாமற் போயிற்று. ஆராய்ச்சியாளர் ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகள் ஆகலாம். நிர்வாகம் அதனை வீணாக்க மூன்று ஆண்டுகள் போதும்.

வெற்றி எப்படி வந்தது?

1999ஆம் ஆண்டில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்கள் இருந்தனர். பதின்மூன்று ஆண்டுகளின் பின் உள்நாட்டுத் தொற்று நின்றது. இக்காலத்தின் பெரும்பகுதி போர்க்காலம் என்பதை மறக்கலாகாது. நோய் மிகுந்திருந்த மாவட்டங்களும் வடக்கு, கிழக்கு மாவட்டங்களே. பாதை மூடிய நாளிலும், மக்கள் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த நாளிலும், பிராந்திய மலேரியா அலுவலர்கள் பணியை விடவில்லை. போரிட்ட இரு தரப்பினரும் நுளம்பைப் பொது எதிரியாகவே கண்டார்கள். தொண்டு நிறுவனங்கள் வலைகளையும் மருந்துகளையும் கொண்டுசேர்க்க உதவின.

அந்நாளில் புதிதாக ஓர் அற்புத மருந்து வந்துவிடவில்லை. பல சிறு காரியங்கள் ஒன்றாகச் செய்யப்பட்டன. நோய் மிகுந்த இடத்தைத் தெரிந்து அங்கே மாத்திரம் மருந்தடித்தார்கள். ஒரே மருந்துக்கு நுளம்பு பழகிவிடாதபடி மருந்துகளை மாற்றினார்கள். பூச்சிமருந்து ஊட்டிய வலைகளைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு நடமாடும் சிகிச்சை நிலையம் சென்றது. காய்ச்சல் இல்லாதவரிடமும் இரத்தம் எடுத்து, உள்ளே ஒளிந்திருந்த கிருமியைத் தேடினார்கள். வைவக்ஸ் என்ற வகைக் கிருமி ஈரலில் மறைந்திருந்து பல மாதங்களின் பின் மீண்டும் எழும். அதனை அழிக்க பிரைமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாட்கள் ஒழுங்காகக் கொடுத்தார்கள். பல்சிபாரத்துக்கு ஆட்டமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து வந்தது. சீனத்தின் பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டி 1970களில் அம்மருந்துக்கு வழிகாட்டிய தூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நொபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் அம்மாத்திரை கிராமத்து நோயாளியின் நாவில் சேர்ந்தது, ஒரு சாதாரண அலுவலர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றதனால்தான்.

மன்னார்க் கிணறுகளில் வந்த விருந்தாளி

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நுளம்பு இந்நாட்டை விட்டுப் போகவில்லை. கிருமி மாத்திரமே போயிருக்கின்றது. அதுவும் ஆண்டுதோறும் பயணிகளின் இரத்தத்தில் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றது. ஆபிரிக்காவுக்கு இரத்தினக்கல் வியாபாரத்துக்குச் செல்பவர்கள், ஐக்கிய நாடுகள் அமைதிப் படையில் பணியாற்றித் திரும்பும் சிப்பாய்கள், இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளர்கள், யாத்திரிகர்கள் எனப் பலரிடம் நோய் கண்டறியப்படுகின்றது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், இவ்வாறு வந்த ஒருவரிடமிருந்து நுளம்பின் மூலம் உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. உடனே கண்டுபிடித்து மறித்தபடியால் அது ஒருவரோடு நின்றது. கண்டுபிடிக்க ஆள் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு செய்தி எமது பகுதியைச் சார்ந்தது. 2016இன் இறுதியில், நாடு சான்று பெற்ற சில மாதங்களுக்குள், மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் வேறு இடங்களிலும் அது காணப்பட்டது. இது இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு. ஆற்றுக் குட்டை அதற்கு வேண்டியதில்லை. வீட்டுக் கிணறும், சீமெந்துத் தொட்டியும், மூடாத தண்ணீர்த் தாங்கியும் போதும். ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மன்னார்த் தீவிலும் வீட்டுக்கொரு கிணறு உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்நுளம்பு என்ன செய்யவல்லது என்பதற்கு ஆபிரிக்காவின் ஜிபுட்டி நாடு சாட்சி. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்ட அச்சிறு நாட்டில் 2012இல் 27 நோயாளர்களே பதிவாகினர். அவ்வாண்டிலேயே இந்நுளம்பு அங்கு கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் நோயாளர் தொகை 73,000ஐத் தாண்டியது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் எட்டு ஆண்டுகளில் இருபத்தேழு எழுபத்து மூவாயிரமாகலாம் என்பதை அந்நாடு காட்டிவிட்டது. எமது நாட்டின் பதினேழு ஐந்து லட்சமாவதற்கு ஆறு ஆண்டுகளே சென்றன.

"டெங்குதானே பெரிய பிரச்சினை?"

எமது கருத்தை மறுப்போர் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் டெங்கு கொல்கின்றது. எலிக்காய்ச்சல் வயலில் இறங்குபவரைக் கொல்கின்றது. சிறுநீரக நோய் உலர்வலயத்தை வாட்டுகின்றது. இருக்கும் நோயை விட்டுவிட்டு இல்லாத நோய்க்குச் செலவழிப்பதா என்பது அவர்கள் வாதம். இதனை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஆனால் டெங்கு நுளம்பும் ஸ்டெபென்சியும் ஒரே தொட்டியில் முட்டையிடக் கூடியவை. தொட்டியைப் பார்க்கப் போகும் அலுவலர் இரண்டையும் பார்க்கலாம். காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் மலேரியாவையும் சோதிக்கலாம். வேலைகளை இணைப்பதை நாம் வரவேற்கின்றோம். இணைப்பு என்ற பெயரில் பூச்சியியல் அறிந்தவரையும் நுணுக்குக்காட்டியில் கிருமியை இனங்காணத் தெரிந்தவரையும் இல்லாமற் செய்வதையே எதிர்க்கின்றோம். பல ஆண்டுகள் கிருமியைக் காணாத கண் அதனை அடையாளம் காணும் பழக்கத்தை இழந்துவிடும். அவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தையும் எக்காலமும் நம்பியிருக்க முடியாது. 2025ஆம் ஆண்டில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளைத் திடீரென வெட்டியபோது, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் மலேரியாப் பணிகள் இடையில் நின்று தடுமாறின. 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் மலேரியாவால் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள். அக்குழந்தைகளுக்கென இரு தடுப்பூசிகள் 2021இலும் 2023இலும் உலக சுகாதார ஸ்தாபனத்தால் சிபாரிசு செய்யப்பட்டன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவை நோயைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்க மாட்டா. அவற்றை நம்பி நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

இது அரசாங்கத்தின் வேலை என்று சொல்லி விலகுவது எளிது. கிராமத்தில் வாழும் நாமும், எமது ஆலய சபைகளும், மாதர் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், "நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன்" என்று வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்க மறந்தாலும் நாம் சொல்ல மறக்கக் கூடாது. இன்றைய இளம் வைத்தியர்களுள் பலர் ஒரு மலேரியா நோயாளியையேனும் கண்டிரார். பனடோல் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்துவது பல்சிபாரம் தொற்றியவருக்கு உயிராபத்து. மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படுபவர்களுக்கு மலேரியா தடை இயக்கத்தின் ஊடாகத் தடுப்பு மாத்திரை இலவசமாகவே வழங்கப்படுகின்றது. இதனைப் பலர் அறியார். ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தல்கள் வாசிக்கும்போது இதனையும் ஒரு தடவை வாசித்தால் என்ன?

இரண்டாவது, கிணறும் தொட்டியும். பாவனையில் இல்லாத கிணறுகளை மூட வேண்டும் அல்லது வலையிட வேண்டும். பாவிக்கும் கிணற்றில் புழுவை உண்ணும் சிறு மீன்களை விடுவதற்குச் சுகாதாரப் பகுதியினரின் ஆலோசனையைப் பெறலாம். தொட்டிகளைக் கிழமைக்கொரு தடவை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கும் வளவுகள் எமது பகுதியில் ஏராளம். அவற்றின் கிணறுகளைப் பார்ப்பது யார்? கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று தனது எல்லைக்குள் அப்படியான கிணறுகள் எத்தனை என்று ஒரு பட்டியலைத் தயாரித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கையளிக்குமாயின், அது பல கருத்தரங்குகளை விட மேலானது.

மூன்றாவது, நோயோடு வருபவரை ஒதுக்காதிருத்தல். இந்திய முகாம்களிலிருந்து திரும்பிவரும் எமது உறவுகளையும், பிற நாட்டிலிருந்து கூலிக்கு வருபவர்களையும் "நோய் கொண்டு வருகிறவர்கள்" என்று சுட்டினால், அவர்கள் காய்ச்சலை மறைப்பார்கள். மறைத்த காய்ச்சலே ஊருக்குப் பரவும். வழியில் கிடந்தவனின் காயத்தைக் கட்டிய சமாரியன் அவனுடைய ஊரையும் குலத்தையும் விசாரிக்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு அவர்களை அன்போடு அழைத்துச் செல்வது அறமும் ஆகும். ஊருக்குப் பாதுகாப்பும் ஆகும்.

நான்காவது, கேள்வி கேட்பது. எமது பிரதேசத்தில் பூச்சியியல் உத்தியோகத்தர் பதவி நிரப்பப்பட்டுள்ளதா? ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை எந்நாளும் செய்யக்கூடியதாக இருக்கின்றதா? பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் வீதியும் மதகும் கேட்கும் நாம் இவற்றையும் கேட்க வேண்டும். நோய் வந்த பின் கேட்பதற்குப் பெரிய துணிவு தேவையில்லை. நோய் இல்லாத நாளில் கேட்பவனைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும்.

நகர மதிலின் மேல் நின்ற காவலாளியைப் பற்றித் திருமறை பேசுகின்றது. பகைவன் வராத இரவுகளில் அவன் வீணாக விழித்திருந்தான் என்று எவரும் சொல்வதில்லை. எமது நாட்டின் மலேரியாக் காவலும் அத்தகையதே. அடுத்த வரவு செலவுத் திட்டத்திலும், அதற்கடுத்ததிலும், "நோயாளர்: இல்லை" என்ற வரி எழுதப்படும்போது, அதனைச் செலவைக் குறைப்பதற்கான காரணமாக எடுக்க வேண்டாம் என்று அதிகாரத்திலுள்ளவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அந்த "இல்லை" என்ற சொல்லுக்குத்தான் நாடு பணம் கொடுக்கின்றது. வன்னியின் வயலோரத்தில் ஒரு பிள்ளை குளிர்காய்ச்சல் என்றால் என்னவென்று அறியாமல் வளருகின்றதே, அதுவே அப்பணத்தின் பயன்.